சாக்பீஸ் கூடாரம்

கூடாரம் என்றால் நாலு கம்பும் ஒரு துணியும் என்று நினைத்துக்கொண்டிருந்த அப்பாவிகளில் பேக்கரிக்காரரும் ஒருவர். அந்த நினைப்போடுதான் ஒரு மதியம், கையில் ஒட்டிய மாவைக்கூடச் சரியாகத் தட்டிவிடாமல், வெளியூர்ப் பயணச் சாமான்கள் விற்கும் கடைக்குள் நுழைந்து, "நாலு பேர் படுக்கிற மாதிரி ஒரு கூடாரம் குடுங்க" என்று கேட்டார். கடைக்காரர் விஷம் கேட்டவரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார். அதுவரை பக்கத்தில் டார்ச் லைட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் அதை அப்படியே வைத்துவிட்டு வெளியே நழுவினார்.

"மெதுவாப் பேசுங்க" என்றார் கடைக்காரர். "வாரியத்துல கேட்டீங்களா?"

"எதைக் கேக்கணும்?"

"உங்க குடும்பத்துக்கு எந்தக் கூடாரம்னு. அதை நீங்களும் முடிவு பண்ணக் கூடாது, நானும் பண்ணக் கூடாது. அவங்கதான் பண்ணணும். அவங்க சொல்லாம ஏரிக்கரையில நீங்க ஒரு துண்டை விரிச்சாக்கூடக் குத்தம்."

எப்போதோ ஒரு பெரிய அதிகாரியின் சம்பந்தி வீட்டார் ஏரிக்கரையில் சின்னக் கூடாரம் ஒன்றில் நெருக்கியடித்துப் படுத்தார்களாம். அதில் யாரோ ஒருவருடைய கால் இரவு முழுக்க வெளியே நீட்டிக்கொண்டிருந்து சளி பிடித்துவிட்டதாம். அந்தத் தும்மலில் பிறந்ததுதான் குடும்பக் கூடாரத் தேர்வு வாரியம். சளி சரியாகிப் பல காலம் ஆகிவிட்டது. வாரியம் மட்டும் நாளுக்கு நாள் நன்றாக வளர்ந்து, சொந்தக் கட்டடம் கட்டி, அதற்குள் பிரிவுகளும் துணைப்பிரிவுகளுமாகக் குட்டி போட்டுக்கொண்டிருந்தது.

பேக்கரிக்காரர் பெரிதாக ஒன்றும் ஆசைப்பட்டுவிடவில்லை. ஊர் தூங்கும்போது அடுப்பு மூட்டுவது அவர் பிழைப்பு. அவர் வீட்டுக்கு வந்து கட்டையைச் சாய்க்கும்போது மகள் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருப்பாள். அவர் எழுந்து மாவு பிசையப் போகும்போது அவள் படுக்கையை விரித்துக்கொண்டிருப்பாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டே, ஒரே பேருந்தில் வெவ்வேறு ஷிஃப்டு ஓட்டுகிறவர்கள் மாதிரி, மாறி மாறி ஒரே கட்டிலைக் கடந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அப்படியே மகள் வளர்ந்து ஆளாகிவிட்டாள். தொலைதூர நகரம் ஒன்றில் வேலையும் கிடைத்துவிட்டது. படிப்பு முடித்து வீட்டில் இருக்கும் இந்த விடுமுறை முடிந்த திங்கட்கிழமை பஸ் ஏறப்போகிறாள். அதற்குள் பேக்கரியை இரண்டு நாள் மூடிவிட்டு, ஏரிக்கரைக்குப் போய், வீட்டில் இருக்கிற நாலு பேரும் ஒரே கூடாரத்தில் ஒரே நேரத்தில் படுத்து எழுந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது, ராஜ்யம் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த நாலு பேரில் அவரும் மகளும் போக, மூன்றாவது ஆள் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி. மனதில் பட்டதை முழுங்கத் தெரியாதவள். நாலாவது ஆள், ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று எந்தக் காலத்திலோ வந்த மச்சினன். அவனுடைய குறட்டை தெருமுனை வரை பிரசித்தம்.

வாரியத்தின் கட்டடத்தில் நாற்காலிகள் இருந்தன, மின்விசிறிகள் இருந்தன, ஆறிப்போன டீக் கோப்பைகள் இருந்தன. கூடாரம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. விசாரணைப் பிரிவில் இருந்த அம்மாள் பேக்கரிக்காரரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முதல் கேள்வியைப் போட்டார்.

"உங்களுது குவிமாடக் குடும்பமா, முக்கோணக் குடும்பமா?"

பேக்கரிக்காரர் திருதிருவென்று விழித்தார். "பேக்கரிக் குடும்பம்ங்க."

அம்மாள் அதை 'இதரக் குடும்பங்கள்' பகுதியில் குறித்துக்கொண்டார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, சின்னக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்: "எல்லாரும் தாங்கதான் கூடாரத்தைத் தேர்ந்தெடுக்கிறதா நினைச்சுக்கிட்டு வர்றாங்க. உண்மையில கூடாரம்தாங்க குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கணும். உங்களுக்கு அது வேணுமாங்கறது முக்கியமில்ல, அதுக்கு உங்களைப் பிடிக்குதான்னு பாக்கணும்."

"சரிங்க. கூடாரம் எங்க இருக்குங்க? பாத்துக் கேட்டுடலாம்."

"கூடாரம் எதுக்கு? அது சார்பாப் பேசத்தானே நாங்க இருக்கோம்."

இதை அவர் ஒரு துளி வெட்கம் இல்லாமல் சொன்னார். பேக்கரிக்காரரும் பெரிய உண்மை ஒன்றைக் கேட்டுவிட்டவர்போலத் தலையாட்டிவிட்டு வந்தார். ரொட்டி கருகிவிட்டது என்று சண்டைக்கு வருகிறவனிடம்கூடப் பணிந்து பேசியே பழகிய மனிதர் அவர். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கும் என்று நம்புவது அவருடைய பழைய வியாதி. இந்த வியாதிக்காரர்கள் நாட்டில் நிறைய இருப்பதால்தான் இப்படிப்பட்ட கட்டடங்கள் விழாமல் நிற்கின்றன.

அடுத்த வாரம் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். போனார்கள். ஒரு பெரிய கூடம். தரை முழுக்க சாக்பீஸால் கோடு போட்டிருந்தது. இங்கே ஒரு அறுகோணம், அங்கே ஒரு நீள்சதுரம், மூலையில் பூசணிக்காய் வடிவில் ஏதோ ஒன்று. ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் ஒரு குடும்பம் மல்லாந்து படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் அலுவலர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அந்த அறுகோணம் உங்களுது" என்றார் அளவு அலுவலர். பேக்கரிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்தார்.

"ஐயையோ! சுவரைக் கிழிச்சிட்டீங்களே!"

கூடத்தில் படுத்திருந்த எல்லாக் குடும்பங்களும் தலையைத் தூக்கிப் பார்த்தன. பேக்கரிக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு காலை எடுத்தார். கோட்டில் ஒரு இடத்தில் கொஞ்சம் இடைவெளி விட்டிருந்தார்கள். அதுதான் வாசல். குனிந்து வர வேண்டும் என்றார் அலுவலர். நாலு பேரும் வெறுங்காற்றில் குனிந்து, வரிசையாக உள்ளே போனார்கள். மச்சினன் போதுமான அளவு குனியவில்லை. "தலை இடிச்சிருக்குமே" என்று அலுவலர் கண்டிப்பாகச் சொன்னதும், அவன் மரியாதைக்கு உச்சந்தலையைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். அலுவலருக்கு அவனை மிகவும் பிடித்துப்போய்விட்டது.

படுத்ததுதான் தாமதம், மச்சினன் தூங்கிவிட்டான். அவன் குறட்டை கிளம்பியதும் பக்கத்து நீள்சதுரக் குடும்பம் முறையிட்டது. அலுவலர் வந்து காது கொடுத்துக் கேட்டார். "சுவர் மெல்லிசா இருக்கு" என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, கோட்டின் மேலேயே அழுத்தி இன்னொரு கோடு போட்டார். "இப்ப சத்தம் குறைஞ்சிருக்குமே?" என்று நீள்சதுரக் குடும்பத்தைக் கேட்டார். குறைந்திருக்கிறது என்று அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

அதன்பிறகு மழை அலுவலர் வந்தார். கையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பூவாளி.

"தூறலா, அடைமழையா?"

"தூறலே போதுங்க" என்றார் பேக்கரிக்காரர் பணிவாக.

மழை அலுவலர் பூவாளியைச் சாய்த்தார். நாலு பேரும் தொப்பலாக நனைந்தார்கள். மச்சினன் குளிக்கிற கனவு கண்டானோ என்னவோ, தூக்கத்திலேயே கழுத்தைத் தேய்த்துக்கொண்டான். தண்ணீர் ஓடிய வழியில் சாக்பீஸ் கோடு கரைந்தது. மழை அலுவலர் உதட்டைப் பிதுக்கினார். "ஒழுகுது. ஒரு பக்கச் சுவரும் விழுந்துடுச்சு. இந்தக் கூடாரம் உங்களுக்குச் சரிப்படாது."

மனைவிக்குப் பொறுக்கவில்லை. தலைமுடியிலிருந்து தண்ணீரைப் பிழிந்துகொண்டே, "கூரையே இல்லாத கூடாரம் ஒழுகாம என்ன செய்யும்?" என்று கேட்டாள்.

"கூரையை எப்படிம்மா தரையில வரையறது?" என்றார் அவர். அந்தக் கேள்வியின் அறியாமை அவரை உண்மையாகவே வருத்தியது போலிருந்தது. "எங்களால முடிஞ்சதைத்தான் நாங்க சோதிக்க முடியும்."

அடுத்த வாரம் குவிமாடம் ஒழுகியது. அதற்கடுத்த முறை நீள்சதுரம் ஒழுகியது. ஒவ்வொரு தடவையும் பேக்கரி பூட்டிக் கிடந்தது, வாடிக்கையாளர்கள் எதிர்த்தெருக் கடைக்குப் போனார்கள். வீட்டில் மகளுடைய பெட்டி அலமாரி மேலிருந்து கட்டிலுக்கு இறங்கிவிட்டது. அவள் தினமும் ஒன்றிரண்டு துணிகளை மடித்து அதில் வைத்துக்கொண்டிருந்தாள். பேக்கரிக்காரர் அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டார்.

பிறகு சண்டை அலுவலரிடம் அனுப்பினார்கள். ஒல்லியான, சாந்தமான மனிதர் அவர். மேஜை மேல் ஒரு அளவுநாடா இருந்தது.

"கூடாரத்துக்குள்ள போன குடும்பங்கள் கண்டிப்பா சண்டை போடும்ங்கறது எங்க ஆய்வோட முடிவு. எழுந்து நின்னு போடுற சண்டைன்னா உயரமான கூடாரம், உக்காந்தபடி போடுற சண்டைன்னா குட்டைக் கூடாரம். எங்க, ஆரம்பிங்க பாக்கலாம்."

புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே நிறுத்தப்பட்டார்கள். படுக்கையெல்லாம் மாவாக்குவதைப் பற்றி, உப்புப் போட மறப்பதைப் பற்றி, மச்சினனைப் பற்றி, எத்தனையோ வருஷமாக இந்த இருவரும் குடுமிப்பிடிச் சண்டை போட்டிருக்கிறார்கள். போடு என்று ஒருவன் அளவுநாடாவோடு நின்றபோது ஒரு வார்த்தை வரவில்லை.

"என்னன்னு ஆரம்பிக்கட்டும்?" என்றார் பேக்கரிக்காரர்.

"அந்த உப்பை வெச்சு ஆரம்பிங்களேன்" என்றாள் மனைவி. சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினாள்.

"சிரிக்காதீங்க. இங்க வேலை நடக்குது" என்று அலுவலர் அதட்டினார்.

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "என்னய்யா வேலை நடக்குது? தண்ணி ஊத்துறது ஒரு வேலை, கோடு கிழிக்கிறது ஒரு வேலை, புருஷன் பொண்டாட்டியை மோதவிட்டு உயரம் பாக்கிறது ஒரு வேலையா? வீட்ல சோறுதானே திங்கறீங்க?" என்று பிடித்துக்கொண்டாள். அவள் போட்ட போட்டில் பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சண்டை அலுவலருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அளவுநாடாவை ஆவலாக விரித்தார். "பிரமாதம்! அப்படியே, அந்தக் குரல் மாறாம, கணவர் பக்கம் திரும்புங்க!"

"அவர்கிட்ட எப்படி வரும்? அவர் உங்க மாதிரி இல்லையே."

அலுவலர் முகம் வாடி அளவுநாடாவைச் சுருட்டினார். குடும்பத்தில் சண்டை இல்லை, ஆகவே உயரம் கணிக்க முடியாது, ஆகவே விஷயம் தலைவருக்குப் போகிறது என்று முடிவாயிற்று.

வாரியத் தலைவரின் அறையில் கம்பளம் அமுங்கி அமுங்கி எழுந்தது. பேக்கரிக்காரர் தனியாகப் போயிருந்தார். மகள் ஊருக்குப் போவதைச் சொன்னார். இத்தனை வருஷமாக அவள் விழித்திருக்கும்போது தான் தூங்கியதைச் சொன்னார். தலைவர் கண்ணை மூடி, விரல்களைக் கோத்துக்கொண்டு, ஒரு சங்கீதத்தைக் கேட்பதுபோலக் கேட்டார்.

"அவசரப்படுறீங்க" என்றார் கடைசியில். "பொண்ணு போறதுன்னா நல்லதுதானே? உங்க குடும்பம் சின்னதாகும், கூடாரமும் சின்னதாகும், தேர்வு சுலபமாகும். நாளைக்கு அதுக்குக் கல்யாணம் ஆச்சுன்னா மறுபடி பெருசாகும். குடும்பம் ஒரு நிலைக்கு வர்ற வரைக்கும் பொறுமையா இருந்தா என்ன?"

"எப்பங்க ஒரு நிலைக்கு வரும்?"

"எங்க அனுபவத்துல, யாரும் மிச்சமில்லாதப்ப."

பேக்கரிக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பிறகு, எங்கிருந்து தைரியம் வந்ததோ, "ஐயா கூடாரத்துல படுத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

தலைவர் கோபித்துக்கொள்ளவில்லை. பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு நாள்கூட இல்லை. இங்க யாரும் படுத்ததில்லை. படுத்துட்டா அப்புறம் நடுநிலை போயிடும் இல்லையா? இது நல்லா இருக்கு, அது நல்லா இல்லைன்னு அபிப்பிராயம் வந்துடும். அபிப்பிராயம் இருக்கிறவன் எப்படித் தேர்வு செய்ய முடியும்?"

இப்படிச் சொன்னவர், போகிற போக்கில் ஒரு வரமும் கொடுத்தார். சனிக்கிழமை வாரியத்தின் ஆண்டு விழா. மேடையில் உட்கார ஒரு குடும்பம் தேவைப்பட்டது. "உங்களுக்குக் கூடாரம் தேர்வாயிடுச்சுன்னு வெச்சுக்கோங்க. விழாவுக்கு வந்துடுங்க" என்றார். பேக்கரிக்காரர் படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக இறங்கி வீட்டுக்கு ஓடினார்.

சனிக்கிழமை ரொட்டி வண்டியில் தலையணை, போர்வை, தண்ணீர்க் குடம், அன்று காலையில் சுட்ட பன்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, விழா முடிந்ததும் நேரே ஏரிக்கரைக்குப் போகும் திட்டத்தோடு நாலு பேரும் வந்து இறங்கினார்கள். மேடையில் ஒரு கூடாரம் நின்றது. வாரியத்திடம் இருந்த ஒரே அசல் கூடாரம் அதுதான். கண்ணாடி அலமாரியில் மடித்து வைத்திருந்ததை எடுத்து, ஊழியர்கள் வாரம் முழுக்க முட்டி மோதி ஒருவழியாக நிமிர்த்தியிருந்தார்கள். முதுகில் வாரியத்தின் கொடியைத் தைத்திருந்தார்கள். தரை பற்றிய துணைக்குழு இன்னும் யோசித்துக்கொண்டிருந்ததால் அதற்குத் தரை கிடையாது. மேடைப் பலகையில் முளை அடிக்கக் கூடாது என்று கட்டடப் பிரிவு சொல்லிவிட்டதால் முளையும் கிடையாது. வளைந்த கம்பிகளின் பலத்தில் சும்மா நின்றது.

குடும்பத்தை உள்ளே அனுப்பும்போது விழாப் பொறுப்பாளர் காதோடு சொன்னார்: "தலைவர் பேசி முடிச்சதும் கூடார வாசல் திரையைத் திறப்பார், நீங்க கும்பிடணும். அப்புறம் கூடாரம் அலமாரிக்குப் போயிடும். அடுத்த வருஷத்துக்கு உங்க பேரை முதல்ல வெச்சிருக்கோம், கவலைப்படாதீங்க."

திரை மூடியது. உள்ளே நாலு பேரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். வெளியே தலைவரின் குரல் ஒலிபெருக்கியில் முழங்கியது.

"பெருமக்களே! நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன். இந்த வாரியம் தோன்றிய நாள் முதல் இன்று வரை, தவறான கூடாரத்தில் ஒரு குடும்பம், ஒரே ஒரு குடும்பம்கூடப் படுத்ததில்லை! ஏரிக்கரைக்குச் சென்று பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு தவறும் தென்படாது!"

கைதட்டல் கூடாரத்தின் துணியை அதிரவைத்தது.

"சரியான கூடாரத்துல எத்தனை பேர் படுத்தாங்களாம்?" என்றாள் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு.

"விடுங்கம்மா" என்றாள் மகள். "அடுத்த வருஷம் மூணு பேருக்கு ஏத்த மாதிரி கேளுங்க. நான்தான் இருக்க மாட்டேனே." வருத்தமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போகிறவளிடம் சாமான் சொல்லுகிற மாதிரிதான் சொன்னாள்.

பேக்கரிக்காரர் மகளைத் திரும்பிப் பார்த்தார். கேட்டுக்கேட்டு, பணிந்து பணிந்து, நனைந்து நனைந்து, மகளோடு இருந்திருக்க வேண்டிய விடுமுறை முழுவதையும் இந்தப் பயல்களின் தரையில் படுத்தே தீர்த்துவிட்டார். அவருக்குத் தன்மேல் வந்த ஆத்திரம், தலைவர்மேல் வந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

"எந்திரிங்க" என்றார்.

"இன்னும் திரை திறக்கலியே அத்தான்" என்றான் மச்சினன்.

"அதெல்லாம் வேணாம். ஆளுக்கொரு கம்பியைப் பிடிங்க."

மேடையின் நடுவே நின்ற கூடாரம் ஒரு சாண் உயர்ந்தது. அடியில் எட்டுக் கால்கள் தெரிந்தன. கொஞ்சம் தடுமாறி, திசை பார்த்து, பிறகு மேடைப் படிகளில் இறங்க ஆரம்பித்தது. கூட்டம் ஆரவாரித்தது. கூடாரத்துக்கு முதுகு காட்டிப் பேசிக்கொண்டிருந்த தலைவர், அது தன் பேச்சுக்குக் கிடைத்த வரவேற்பு என்று எடுத்துக்கொண்டு, முடிக்கவிருந்த உரையை மறுபடி முதலிலிருந்து விரிக்கத் தொடங்கினார். வாரியத்தின் கொடி கடந்துபோகும்போது எழுந்து நிற்க வேண்டும் என்பது விதி. ஆகவே அலுவலர்கள் எல்லாரும் வரிசை வரிசையாக எழுந்து நின்றார்கள். மழை அலுவலர் வழிவிட்டார். வாசலில் இருந்த காவலாளி கதவை அகலத் திறந்து சல்யூட் வைத்தார். ரொட்டி வண்டியின் கூரைமேல் கூடாரத்தை ஏற்றிக் கட்டுவதற்கு அவரும் ஒரு கை கொடுத்தார்.

ஏரிக்கரையில் அன்று யாருமே இல்லை. தலைவர் சொன்னது சரிதான், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு தவறும் தென்படவில்லை. நாலு பேரும் கூடாரத்தை இறக்கி வைத்து, பன்னைத் தின்று, தண்ணீரில் கால் நனைத்து, இருட்டியதும் உள்ளே போய்ப் படுத்தார்கள். அது அவர்களுக்குப் போதாத கூடாரம். மச்சினன் இடுப்புக்குக் கீழே வெளியில்தான் கிடந்தான். ஒரு ஓரத்தில் ஒழுகவும் செய்தது. ஒருவர் புரண்டால் நாலு பேரும் புரள வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நன்றாக விடிந்த பிறகு அளவு அலுவலரும் இன்னும் இருவரும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்கள். அளவு அலுவலர் கூடாரத்தைச் சுற்றி நடந்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த மச்சினனின் கால்களைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. வாரியத்தின் சரித்திரத்தில் முதல் முறையாக ஒரு குடும்பம் தவறான கூடாரத்தில் படுத்துவிட்டது.

"வெளிய வாங்க!" என்று கத்தினார். "இது உங்களுக்கு ஏத்த கூடாரமே இல்ல! உடனே எந்திரிங்க!"

திரை ஒரு பக்கம் விலகியது. பேக்கரிக்காரர் தலை மட்டும் தெரிந்தது. தலைமுடி கலைந்திருந்தது, கண்கள் வீங்கியிருந்தன. அவருடைய வலது கையின்மேல் தலையை வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, மகள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கை மரத்துப்போயிருந்தது. அவர் அதை அசைக்கவில்லை. அலுவலர்கள் மூவரும் குனிந்து உள்ளே பார்த்தார்கள். கூடாரத்துக்குள் நிஜமாகவே தூங்குகிற ஒரு ஆளை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

பேக்கரிக்காரர் இடது கை விரலை உதட்டில் வைத்தார்.

"பாப்பா தூங்குது" என்றார். "சத்தம் போடாதீங்க."

திரையை இழுத்துவிட்டுக்கொண்டு அவரும் மறுபடி கண்ணை மூடினார்.